நான் சொன்னது அது இல்ல

"உங்கள் நாட்டில் இந்தப் படத்தைப் பார்க்க இயலாது" என்று கணினித் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

என் நாட்டில் ஏன் பார்க்க இயலாது? படத்தை எடுத்ததே என் நாட்டில்தான். நாடு என்று பொதுவாகச் சொல்வானேன், மலாக்காவில், காஜா பேராங்கில், நான் இதை எழுதும் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எடுத்தார்கள். எடுத்த அன்று நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அதில் வருகிறவள் என் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் வெயில், எங்கள் பெஞ்சு மேசை, எங்கள் அக்கா. எல்லாவற்றையும் சுருட்டிக் கடல் கடந்து கொண்டுபோய் ஒரு காப்பகத்தில் பூட்டி வைத்துவிட்டு, நீ பார்க்கக் கூடாது என்று எனக்கே சொல்கிறார்கள். எனக்கு எண்பத்தைந்து வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அன்றைக்கு அந்த ஒரு மாத்திரை போதவில்லை.

அது பத்து நிமிடம் ஓடும் குறும்படம். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், குடியுரிமைக்கு எப்படிப் பதிவு செய்துகொள்வது என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காக எடுத்தது. நடிகர் கிடையாது, பாட்டு கிடையாது. சினிமா சரித்திரம் எழுதுகிறவர்கள் யாரும் அதைச் சீந்தியதில்லை. அதை நான் நான்கு வருஷமாக இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அக்கா அதைத் தேடி அலைந்தாள். அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

அக்கா எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் ஆயா. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்குப் பத்தொன்பது. கான்வென்ட் படிப்பை முடித்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீஸில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். அவள் வீட்டில் கரண்டி விழுந்தால் எங்கள் வீட்டில் அம்மா திரும்பிப் பார்ப்பாள். அக்காவின் இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம் எப்போதும் இருக்கும். "மணி பார்க்காம குடுத்தா அது மருந்தா?" என்று கேட்பாள். குளிக்கும்போதுகூட அதைக் கழற்றிச் சுவர் ஆணியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாட்டி வைப்பாள்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. அதைக் குணம் என்பதா, வியாதி என்பதா என்று எங்கள் தெருவில் இரண்டு கட்சி இருந்தது. தான் சொன்னதை இன்னொருவர் ஒரு சொல் மாற்றிச் சொன்னாலும் பொறுக்க மாட்டாள். "நான் சொன்னது அது இல்ல" என்று அங்கேயே நிறுத்துவாள். அடுத்தவர் சொன்னதையும் அப்படித்தான்; கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். மளிகைக் கடையில் சாமான் சொல்லிவிட்டு, "இப்ப நான் என்ன கேட்டேன், சொல்லு" என்பாள். கடைக்காரர் முழுக்க ஒப்பிக்க வேண்டும். அவர் அக்காவைக் கண்டாலே பென்சிலைத் தேடுவார்.

வார்டில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். அவர் ஆங்கிலத்தில் டிரெஸரிடம், அதாவது தன் உதவியாளரிடம், சொல்வார். டிரெஸர் மலாயில் அக்காவிடம் சொல்வார். அக்கா தமிழில் நோயாளியிடம் சொல்வாள். பதில் அதே வழியில் திரும்பிப் போகும். ஒருமுறை வயிற்றில் கட்டியோடு வந்த ஒரு தோட்டத்துப் பெண், "இந்த வெள்ளைக்காரன் கையில கத்தியக் குடுத்தா ஆட்ட அறுக்கிற மாதிரி அறுத்துப் போட்டுருவான்" என்று அழுதிருக்கிறாள். அக்கா அதை அப்படியே மலாயில் சொன்னாள். டிரெஸர், அந்த அம்மாள் சம்மதிக்கிறார் என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவ்வளவு நீளமான பேச்சு அவ்வளவு சின்ன வாயசைப்பில் அடங்காது என்பது தெரியும். "நான் சொன்னது அது இல்ல" என்று டிரெஸரை மடக்கிவிட்டாள். அவர் வியர்த்துப்போய் உள்ளதைச் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, ஒரு காகிதத்தில் வயிற்றைப் படம் போட்டு, எங்கே வெட்டுவேன், எவ்வளவு வெட்டுவேன் என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டினாராம். அவள் பயந்து போயிருக்கிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடி முடிந்ததில்லை. தெருக்கோடி வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சம்பந்தம் பேசும்போது, மாப்பிள்ளை வீட்டுக்கு அக்காவைத் தூது அனுப்பினார்கள். அனுப்பினவர்களுக்குத்தான் புத்தி இல்லை. அக்கா திரும்பி வந்து கூடம் நிறைந்த கூட்டத்தின் முன்னால், "பொண்ணு கறுப்பு, பல்லு வேற எடுப்பு, மத்தபடி சரின்னு மாப்ள அம்மா சொல்லுச்சு" என்றாள். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. பெண்ணின் தாயார் அக்காவைத் திட்டித் தீர்த்தார். "சொன்னவ மேல வராத கோவம், கொண்டாந்தவ மேல வருதா?" என்று கேட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் குடும்பம் அவளோடு ஒரு வருஷம் பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் கோயிலில் அக்காவைப் பார்த்தால் சிரிக்கும்.

இனிப் படத்துக்கு வருகிறேன். அக்காவின் கணவர் மலாக்காவில் பிறந்தவர். மலாக்கா வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட இடம் என்பதால், இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தானாகவே இருந்தது. எனக்கும் அப்படித்தான். அக்கா பக்கத்து மாநிலமான ஜொகூரில், தங்காக்கில், ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இங்கிருந்து முப்பது மைல் இருக்கும். அந்த முப்பது மைலுக்காக அவள் போய் வரிசையில் நின்று பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. வரிசையில் நிற்பதில் அவளுக்கு வருத்தமில்லை. "வாங்கிக்கிட்டியா, வாங்கிக்கிட்டியா" என்று எல்லோரும் கேட்டதுதான் அவளுக்கு எரிச்சல். "கடையில விக்கிறாங்களா, வாங்குறதுக்கு?" என்பாள். இன்று நினைத்தாலும் எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் கோபம்தான் வருகிறது. எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்தால் பிள்ளை, அந்தப் பக்கம் பிறந்தால் விருந்தாளியா?

பதிவு நடந்த பள்ளி மண்டபத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை படக்காரர்கள் வந்தார்கள். மூன்று கால் வைத்த கேமரா, வெள்ளித்தாள் ஒட்டிய பலகை, நீளக் கம்பி முனையில் ஒரு மைக். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், தமிழ் பேசும் அதிகாரி ஒருவர். அவர்களுக்கு ஓர் இந்தியப் பெண் தேவைப்பட்டாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்களில் பாதிப்பேர் செட்டி மக்கள். பழங்காலத்தில் இங்கே வந்த தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள், எங்கள் தெருவில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். பேசுவது மலாய், உடுத்துவது மலாய்க்காரர் மாதிரி கெபாயாவும் சாரோங்கும். மாரியம்மனுக்கு எங்களைவிட ஒழுங்காகப் பூசை செய்வார்கள். அதிகாரி அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவங்களைக் காட்டினா இந்தியர்னு யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். வார்டு வேலை முடிந்து வெள்ளைச் சேலையோடு வரிசையில் நின்றிருந்த அக்காவைப் பிடித்தார்கள்.

"கடிகாரத்த மட்டும் கழட்டிருங்கம்மா" என்றார் அதிகாரி.

"ஏன்?"

"தோட்டத்து ஜனங்க பார்க்கப் போற படம். அவங்கள்ல ஒருத்தர் மாதிரி தெரியணும்."

"நான் தோட்டத்துல வேலை பார்க்கல. ஆஸ்பத்திரில பார்க்கிறேன். கழட்ட மாட்டேன்."

அதோடு விட்டிருக்கலாம். அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்து, இதைச் சொல்ல வேண்டும் என்று படித்துக் காட்டினார். குடியுரிமை தந்த அரசாங்கத்துக்கு நான் என்றும் நன்றியுடையவளாக இருப்பேன் என்று அதில் எழுதியிருந்தது.

"என் சாமான என் பேருல எழுதுறதுக்கு நான் எதுக்கு நன்றி சொல்லணும்?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு மரியாதைக்குத்தாம்மா."

"மரியாதைக்குச் சொல்றதுன்னா நீங்க சொல்லுங்க. என் வாயால சொல்றதுன்னா நான் நெனைக்கிறதத்தான் சொல்வேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அவர் கையை ஆட்டி, எதையாவது சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அக்கா கேமராவை நேராகப் பார்த்து, நோயாளியிடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"நான் தங்காக்குல பொறந்தவ. எங்கிருந்தும் வந்தவ இல்ல. நீங்க குடுக்கிறதா நெனைக்காதீங்க. இருக்கிறத எழுதிக்குங்க, போதும்."

மண்டபத்தில் யாரோ கைதட்டினார்கள். நான்தான் தட்டினேனோ என்னவோ. அக்கா கிளம்பும்போது அதிகாரியிடம், "நான் சொன்னது பதிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். "பதிஞ்சிருச்சும்மா" என்றார் அவர். அக்கா அதை நம்பினாள். ஒருவர் இப்படி என்று சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்பது அவள் எண்ணம்.

மூன்று மாதம் கழித்து, ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் அரசாங்கப் படவண்டி எங்கள் திடலுக்கு வந்தது. பக்கவாட்டில் ஒலிபெருக்கி கட்டிய பெரிய வண்டி. விளக்கு வைக்கிற நேரத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி, ஏழரை மணிக்கு ஆரம்பிப்பார்கள். தெருவே பாயோடும் பலகையோடும் வந்து உட்கார்ந்தது. அக்கா முன்வரிசையில் இருந்தாள். படத்தில் அவள் முகம் வந்ததும் ஒரே ஆரவாரம். பிறகு அவள் வாய் திறந்தது. யாரோ ஒரு பெண் குரல் தேன் மாதிரி மலாயில் பேசியது. அரசாங்கம் தந்த இந்தப் பரிசுக்கு நான் என்றும் நன்றியுடன் இருப்பேன் என்றது. கடைசியில் நன்றி என்று மலாயில் ஒரு "தெரிமா காசே" வேறு.

எதிர்வீட்டுச் செட்டி அம்மாள், நாங்கள் பீபிக் என்று கூப்பிடுகிறவர், அக்காவின் பக்கம் திரும்பி, இது உன் குரல் இல்லையே என்று மலாயில் கேட்டார். அக்கா எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். அவள் முகத்தின் மேலேயே அவள் முகம் ஓடியது.

"நான் சொன்னது அது இல்ல!"

உட்காரு உட்காரு என்று பின்னாலிருந்து கத்தினார்கள். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழுந்து அவள் பக்கத்தில் போய் நிற்கவும் இல்லை.

படம் முடிந்ததும் அக்கா வண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டாள். அவர் நல்ல மனிதர், தமிழர். "இது மலாய்ப் பிரதி அக்கா. தமிழ்ப் பிரதி வேற இருக்கு. அதுல உங்க குரலே இருக்கும்" என்றார்.

"கேட்டீங்களா நீங்க?"

"நான் கேக்கல."

"அப்ப இருக்கும்னு சொல்லாதீங்க. எங்க இருக்கு அது?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்து டார்ச் அடித்துக் காட்டினார். எந்த ஊருக்கு எந்த மொழிப் பிரதி என்ற பட்டியல். காஜா பேராங்குக்கு நேரே மலாய் என்று இருந்தது. எப்போதோ ஒருவர் வந்து தெரு முனையில் நான்கு வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான்கும் செட்டி மக்கள் வீடு. மலாய் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஐந்தாவது வீட்டுக் கதவைத் தட்ட அந்த மகானுக்குக் கை வலித்திருக்கிறது. தமிழ்ப் பிரதி தோட்டங்களுக்கு மட்டும்தான் போகுமாம்.

அன்றிலிருந்து அக்கா தன் குரலைத் தேடத் தொடங்கினாள். வண்டி புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கொசு ஒழிப்பைப் பற்றி ஒரு படமும், பால்மரம் நடுவதைப் பற்றி ஒரு படமும் காட்டினார்கள். எங்கள் பெட்டியில் அது இல்லையே என்றார் அந்த வண்டிக்காரர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அந்த நான்கு வாக்கியங்களையும் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மறந்துவிடக் கூடாது என்றாள். அவளுக்கா மறக்கும்? இருந்தாலும் சொன்னாள். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

பிறகுதான் கடிதம் எழுதச் சொன்னாள். கோலாலம்பூரில் பட அலுவலகத்துக்கு, ஆங்கிலத்தில். ஆபீஸ் முடிந்து அரை மணி நேரம் தட்டச்சு இயந்திரத்தில் நான் உட்கார, அக்கா எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"ஐயா, உங்க படத்துல என் மூஞ்சிய வெச்சு வேற ஒருத்தி பேசுறா. அவ யாருன்னு எனக்குத் தெரியணும். என் வார்த்தைய எங்க வெச்சிருக்கீங்க? தமிழ்ப் படத்துல அது இருந்தா கொண்டாந்து எங்க திடல்ல காட்டுங்க. இல்லைன்னா என் மூஞ்சிய வெட்டி எடுத்துட்டு ஓட்டுங்க."

வக்கீல் ஆபீஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த ஆங்கிலம் வேறு. அதில் யாருக்கும் மூஞ்சி கிடையாது. தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்று தொடங்கினேன். மேற்படி சிறப்பான படத்தில் பங்குபெற வாய்ப்புக் கிடைத்தமைக்கு என்று ஒரு வரி சேர்த்தேன். தமிழ்ப் பிரதியைத் திரையிட இயலுமானால் மிகுந்த நன்றியுடையவளாவேன் என்று முடித்தேன். இப்படி எழுதினால்தான் வேலை நடக்கும் என்று நினைத்தேன். அரசாங்கத்தைப் பகைத்துக்கொண்டு அவள் வேலைக்கே ஆபத்து வந்துவிடக் கூடாதே என்றும் நினைத்தேன். நினைத்ததெல்லாம் நல்லெண்ணம்தான். அதனால் என்ன?

"படிச்சுக் காட்டு" என்றாள் அக்கா.

காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை, அவள் தமிழில் சொன்னதை, ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். அவளுக்குப் பரம திருப்தி. "உன்கிட்ட குடுத்தா மாறாது" என்றாள். கார்பன் நகலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இப்படி நான்கு கடிதம் எழுதினேன். நான்கு முறையும் இதே கூத்து.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். அக்கா அதை வார்டுக்கு எடுத்துக்கொண்டு போய் டிரெஸரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். தங்கள் நன்றிக் கடிதங்கள் கிடைத்தன, மிக்க மகிழ்ச்சி, அவற்றைக் கோப்பில் சேர்த்துக்கொண்டோம் என்று இருந்ததாம். எந்த நன்றிக் கடிதம் என்று அக்கா கேட்டிருக்கிறாள். பிறகு பையிலிருந்து நான்கு கார்பன் நகல்களையும் எடுத்து நீட்டியிருக்கிறாள். அந்த மனிதர் பழைய பாடத்தை மறக்கவில்லை. உள்ளதை உள்ளபடி படித்தார்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். அக்கா கத்தவில்லை. நகல்களை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் சொன்னது அது இல்ல, தங்கச்சி."

"அக்கா, உங்க நல்லதுக்குத்தான்…"

"படிச்சுக் காட்டுன்னு கேட்டேன். நீ என்ன படிச்ச?"

அவள் போய்விட்டாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அன்று ஒரு சத்தமும் கேட்கவில்லை. திரையில் அவள் வாயில் நன்றியை வைத்தவள் யாரோ முகம் தெரியாதவள். கடிதத்தில் வைத்தவள் நான். எனக்கு அவள் முகமும் தெரியும், அவள் சொன்னதும் தெரியும்.

அடுத்த வாரம் அவள் தனியாகக் கோலாலம்பூர் பஸ் ஏறினாள். அந்த அலுவலகத்தில் மத்தியானம்வரை உட்கார வைத்து, பிறகு ஒருவர் வந்து, தமிழ்ப் பிரதியைப் பெட்டியில் போட்டு லண்டனுக்கு அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் முதல் கடிதம் போனபோது அது அங்கேயே அலமாரியில் இருந்திருக்கிறது. அக்கா கேட்டதை நான் கேட்டிருந்தால் யாராவது ஒரு குமாஸ்தா எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். நன்றிக் கடிதத்துக்கு எந்தக் குமாஸ்தா எழுந்திருப்பான்?

அதற்குப் பிறகும் அக்கா என்னோடு பேசினாள். "பசியாறிட்டியா?" என்று கேட்பாள், மீன் குழம்பு வைத்தால் கொடுத்தனுப்புவாள். எழுதுவதற்கு மட்டும் எதையும் தரவில்லை. என் கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் வீட்டுக்குப் போய், "என்னை மன்னிச்சிருங்க அக்கா" என்று அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "கோவம் இல்ல. மன்னிச்சேன்னு சொல்லல. ரெண்டும் வேற" என்றாள். கல்யாணத்தில் முதல் பந்தி முடியும்வரை நின்று பரிமாறினாள். அவள் இறந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

என் கணவர் காலமான பிறகு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். மகன் லண்டனில் இருக்கிறான். அவன் வாங்கிக் கொடுத்த கணினியில் தேடத் தொடங்கினேன். தமிழில் தேடினேன், ஆங்கிலத்தில் தேடினேன். தமிழ்ப் படம், இந்தியர், மலாயா, குடியுரிமை என்று எதை எதையோ போட்டுப் பார்த்தேன். ஒரு தளம் பல்கலைக்கழகத்து ஆளா என்று கேட்டது. இன்னொரு தளம் வாசலிலேயே கடன் அட்டையை நீட்டச் சொன்னது. நான்கு வருஷம் போனது. ஒருநாள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அந்தப் பட்டியல் நினைவுக்கு வந்தது. காஜா பேராங், மலாய். குடியுரிமைக்கு மலாய்ச் சொல் என்னவோ அதைப் போட்டு, மலாய்ப் படங்களில் தேடினேன். முதல் பக்கத்திலேயே வந்து நின்றது. அதற்குக் கீழே, மற்ற மொழிப் பிரதிகள் என்று தமிழும் இருந்தது. ஒரு சின்னப் படமும் போட்டிருந்தார்கள். அக்காதான். அடியில், நன்றி தெரிவிக்கும் இந்தியத் தோட்டத் தொழிலாளி என்று எழுதியிருந்தார்கள். கையில் அவ்வளவு பெரிய கடிகாரம் இருக்கிறது, கண் தெரியாதா? அழுத்தினேன். உங்கள் நாட்டில் பார்க்க இயலாது என்றது.

மகனைக் கூப்பிட்டேன். அவனுக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். அவன் நாட்டில் அது தாராளமாக ஓடியது. அவன் கணினித் திரைக்கு முன்னால் கைபேசியைப் பிடித்துக்கொள்ள, நான் இங்கிருந்து பார்த்தேன். ஆறாவது நிமிடத்தில் அக்கா வந்தாள். முப்பத்தைந்து வயது. வெள்ளைச் சேலை, கடிகாரம், நேர்ப்பார்வை. வாய் திறந்தாள்.

தமிழ்தான். ஆனால் அவள் குரல் இல்லை. மேடைத் தமிழில் யாரோ ஒருத்தி குழைந்தாள். குடியுரிமை தந்த அரசாங்கத்துக்கு நான் என்றும் நன்றியுடையவளாக இருப்பேன். அந்த அதிகாரி காகிதத்தில் வைத்திருந்த அதே வரி. அக்காவின் குரலைப் பதிவே செய்யவில்லையா, பதிவு செய்து எறிந்துவிட்டார்களா, தெரியாது. அந்தக் குழைவு முடிந்த பிறகும் அக்காவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"சத்தத்த நிறுத்துப்பா" என்றேன்.

"நிறுத்திட்டா என்னம்மா கேக்கும்?"

"நிறுத்து. மறுபடி போடு."

சத்தமில்லாமல் அக்கா வாய் திறந்தாள். நான் கூடவே சொன்னேன். நான் தங்காக்குல பொறந்தவ. எங்கிருந்தும் வந்தவ இல்ல. முதல் தடவை கொஞ்சம் முந்திவிட்டேன். இரண்டாம் தடவை நோயாளியிடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நீங்க குடுக்கிறதா நெனைக்காதீங்க. இருக்கிறத எழுதிக்குங்க, போதும். அந்த "போதும்" முடிந்த இடத்தில் அக்காவின் உதடுகள் மூடின. "இன்னொரு தடவை போடவாம்மா?" என்று மகன் கேட்டான்.

மறுநாள் அந்தக் காப்பகத்துக்கு எழுத உட்கார்ந்தேன். விரல்கள் பழக்கதோஷத்தில், மிகுந்த நன்றியுடையவளாவேன் என்று ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டன. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த வரி கைக்குள் இருக்கிறது. அழித்துவிட்டு எழுதினேன்.

ஐயா, உங்கள் படத்தில் இந்தப் பெண்ணின் முகத்தை வைத்து வேறு ஒருத்தி பேசுகிறாள். இவள் தோட்டத் தொழிலாளி இல்லை, ஆஸ்பத்திரி ஆயா. கையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். இவள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. இவள் சொன்னது கீழே இருக்கிறது, சத்தத்தை நிறுத்திவிட்டு உதட்டோடு வைத்துப் பாருங்கள். இதுபற்றி இவள் முன்பு எழுதச் சொன்ன நான்கு கடிதங்களையும் மாற்றி எழுதியவள் நான். இவள் வார்த்தையை இவள் படத்தின் கீழே போடுங்கள். காஜா பேராங்கில் இருப்பவர்கள் பார்க்கும்படி திறந்து விடுங்கள்.

அதற்குக் கீழே அந்த நான்கு வாக்கியங்களையும் முதலில் தமிழில் போட்டேன், பிறகு ஆங்கிலத்தில் போட்டேன். அக்கா அன்று மூஞ்சி என்று சொன்னதைக் கடிதத்தின் முதல் வரியில் முகம் என்று ஆக்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஆங்கிலத்தில் அதற்கு எவ்வளவு முரட்டுச் சொல் உண்டோ அதைத் தேடிப் போட்டேன்.

அனுப்புவதற்கு முன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இப்போது அது செங்கல் சுவர். அந்தப் பக்கம் யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்ததை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தேன். இந்த முறை, எழுதியிருந்ததையே படித்தேன்.